மாமனாரின் ஷூ டப்பாவில் பேஸ்பால் அட்டைகள்: விற்பதா, வைத்திருப்பதா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் கணவர் அமெரிக்கர். புரூக்ளினில் வளர்ந்த என் மாமனார் சென்ற ஆண்டு காலமானார். அவர் வீட்டைக் காலி செய்தபோது ஒரு ஷூ டப்பா நிறைய 1950களின் பேஸ்பால் அட்டைகளும் (பபிள்கம்மோடு விற்ற, வீரர் படம் போட்ட அட்டைகள்), 1987 முதல் 1991 வரை மகனுக்காக வாங்கிச் சேர்த்த எட்டுப் பெட்டி அட்டைகளும் கிடைத்தன. பழைய அட்டைகளில் பேனாக் கிறுக்கலும் பபிள்கம் கறையும் இருக்கின்றன. சுத்தம் செய்து லேமினேட் போடலாமா? இவற்றுக்கு விலை உண்டா? கணவருக்கு எதையும் விற்க மனமில்லை.

பதில்: லேமினேட் வேண்டவே வேண்டாம். அழிப்பான், ஈரத்துணி, கத்தரிக்கோல் எதுவும் அந்த டப்பாவின் பக்கம் போகக்கூடாது. ஓரம் வெட்டியது தெரிந்தால், அட்டையின் நிலையைச் சோதித்து மதிப்பெண் போடும் கிரேடிங் நிறுவனங்கள் மதிப்பெண் தர மறுத்துவிடும். ஓரம் வெட்டும் விவகாரம் இந்தத் துறையின் புகழ்பெற்ற அட்டையையே விடவில்லை. ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி 1991இல் கூட்டாக வாங்கியது, பழைய பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை. அதன் ஓரங்களை வெட்டியது தான்தான் என்று வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பழைய அட்டை ஒவ்வொன்றையும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் நுழைத்து, அதைக் கெட்டியான டாப்லோடரில் (மேல்பக்கம் திறந்த விறைப்பான பிளாஸ்டிக் உறை) வையுங்கள். இப்போதைக்கு அவ்வளவு போதும்.

எட்டுப் பெட்டிகளைப் பற்றிச் சொல்வது நல்ல செய்தி இல்லை. 1980இல் வந்த ஒரு தீர்ப்பு, பேஸ்பால் அட்டைகளில் டாப்ஸ் நிறுவனத்துக்கு இருந்த ஏகபோகத்தை உடைத்தது. அடுத்த ஆண்டே ஃப்ளியரும் டான்ரஸும் களமிறங்கின, 1989இல் அப்பர் டெக்கும் வந்தது. பழைய அட்டைகள் நல்ல விலைக்குப் போவதைப் பார்த்து, புதிதாக வந்ததையெல்லாம் மக்கள் பிரிக்காமலே பத்திரப்படுத்தினார்கள். கம்பெனிகளும் அச்சடித்துத் தள்ளின. 1950களின் அட்டைகளோ சத்தம் வருவதற்காகச் சைக்கிள் சக்கரத்தில் செருகப்பட்டும், அம்மாக்களால் குப்பையில் வீசப்பட்டும் அழிந்ததால்தான் அரிதாயின. எல்லோரும் பத்திரப்படுத்தியதற்கு யார் விலை கொடுப்பார்கள்? அந்தப் பெட்டிகளில் 1989 அப்பர் டெக்கின் 1ஆம் எண், கென் கிரிஃபி ஜூனியர், இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதற்கும் மாசுமருவற்ற பிரதியாக இருந்தால்தான் சொல்லும்படியான விலை.

சரி, ஷூ டப்பாவுக்கு வருவோம். அங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். அட்டையின் பின்பக்கத்தில் ஆண்டுவாரியாக ஆட்டக்கணக்கு இருந்தால், அதில் கடைசி வருடத்துக்கு அடுத்ததுதான் பெரும்பாலும் அட்டை வெளியான வருடம். தேட வேண்டிய டாப்ஸ் அட்டைகள்: 1952இல் வில்லி மேஸ் (எண் 261), மிக்கி மேன்டில் (311), ஜாக்கி ராபின்சன் (312), 1954இல் ஹேங்க் ஆரன் (128), 1955இல் சாண்டி கூஃபாக்ஸ் (123), ராபர்ட்டோ கிளமெண்டே (164).

1952இன் கடைசித் தொடர் விற்காமல் தேங்கியதால், மிச்சத்தை அட்லாண்டிக்கில் கொட்டிவிட்டதாக டாப்ஸில் அந்த அட்டைகளை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். அந்தத் தொடரைச் சேர்ந்த மேன்டில் அட்டை ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. ஆனால் அது கிட்டத்தட்ட அச்சகத்திலிருந்து வந்தபடியே இருந்த பிரதி. அந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டு டப்பாவைத் திறக்காதீர்கள். மேன்டில் கிடைத்தால் முதலில் அளவுகோலை எடுங்கள். அசல் 2⅝ அங்குல அகலம், 3¾ அங்குல உயரம். டாப்ஸே 1983இல் வெளியிட்ட மறுபதிப்பு 2½க்கு 3½தான்.

விலை பார்க்க, ஈபேயில் விற்பவர் கேட்கும் தொகையை நம்பாதீர்கள், விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். அதிலும் உங்கள் அட்டை அளவுக்குத் தேய்ந்ததோடு ஒப்பிடுங்கள். கிரேடிங் கட்டணத்தைப் போலப் பல மடங்கு விலை போகக்கூடியவற்றை மட்டும் பிஎஸ்ஏ, எஸ்ஜிசி போன்ற கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்பினால் போதும்.

வரி விஷயமும் உண்டு. மரபுரிமையாக வந்த பொருளுக்கு, இறந்த நாளன்று இருந்த சந்தை மதிப்பே அடக்கவிலையாகக் கொள்ளப்படும். அதற்கு மேல் வரும் லாபத்துக்கு, சேகரிப்புப் பொருள் என்பதால், கூட்டரசு வரி 28 சதவீதம் வரை போகலாம். அந்தத் தேதியையொட்டிய விற்பனை விலைகளை இப்போதே குறித்து வையுங்கள்.

அப்புறம், அந்தப் பேனாக் கிறுக்கல். வீரர் அணி மாறியதும் பழைய அணியின் பெயரை அடித்துவிட்டுப் புதியதை எழுதிவைப்பது அன்றைய பையன்களின் வழக்கம். சந்தையில் அது குறை, மதிப்பெண் சடாரென்று இறங்கும். உங்கள் கணவருக்கோ அது அப்பாவின் பத்து வயதுக் கையெழுத்து. புரூக்ளின் பையன் என்றால், அன்றைய உள்ளூர் அணியான டாட்ஜர்ஸ் வீரர்களின் அட்டைகள்தான் அதிகம் தேய்ந்திருக்கும். கிறுக்கியதையும் தேய்ந்ததையும் அவரிடமே விட்டுவிடுங்கள். பெரும்பாலானவற்றை விற்றாலும் பெரிதாக ஒன்றும் தேறாது.

மீதியை விற்பதென்று இருவரும் முடிவு செய்தால், மேலே சொன்ன பெயர்களைத் தனியே எடுத்து, முன்னும் பின்னும் படம் பிடித்து வைத்துக்கொண்ட பிறகே வியாபாரியிடம் போங்கள். "டப்பாவோடு மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன்" என்பவர் உள்ளே எதையோ பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.