விடியற்காலை ஏரிக்கரை: பறவை, பூச்சிப் பதிவு பற்றிய கேள்வி பதில்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்து ஏரிகளில் காலையில் பறவையும் தட்டானும் பார்த்து இபேர்ட் (பறவைப் பட்டியலுக்கு), ஐநேச்சுரலிஸ்ட் (எல்லா உயிரினங்களுக்கும்) என்ற இணையத் தளங்களில் பதிவு செய்யும் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

அக்கா, ஏரிக்கு எத்தனை மணிக்குப் போகணும், எந்தக் கரையில நிக்கணும்? நான் எப்பப் போனாலும் பறவையெல்லாம் கறுப்பாத்தான் தெரியுது. (மன்னார்குடி, கல்லூரி மாணவர்)

தம்பி, நீங்கள் மேற்குக் கரையில் நின்று சூரியனுக்கு எதிராகப் பார்க்கிறீர்கள். காலையில் கிழக்குக் கரைதான் சரி. வெயில் முதுகில் அடிக்க வேண்டும். அப்போதுதான் அலகு நிறமும் கால் நிறமும் தெரியும். கிழக்குக் கரையில் வழியில்லை என்றால் தென்கரையோ வடகரையோ பரவாயில்லை.

சூரியன் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் கரையில் இருங்கள். நம் பக்கத்தில் தை மாதம் சூரியன் வர ஆறரை மணி தாண்டிவிடும், ஜூனில் ஆறுக்கு முன்பே வந்துவிடும். அந்த அரை மணியில் இரண்டு போக்குவரத்து நடக்கிறது. ஏரிக்குள் இருக்கும் கருவேல மரங்களில் இரவு தங்கிய நீர்க்காகம், கொக்கு, அரிவாள்மூக்கன் எல்லாம் வெளியே கிளம்பும். இரவு முழுக்க வயலில் மேய்ந்த வாத்துகள் ஏரிக்குத் திரும்பும். எட்டு மணிக்குப் போகிறவர்கள் முதல் கூட்டத்தைத் தவறவிடுகிறார்கள். இரண்டாவது கூட்டம் தலையை முதுகில் செருகித் தூங்குவதைத்தான் பார்க்கிறார்கள்.

இருட்டில் கரையில் நடக்கும்போது டார்ச்சும் கணுக்கால் மூடும் காலணியும் கட்டாயம். கண்ணாடிவிரியனும் கட்டுவிரியனும் உலவுகிற நேரம் அது.

பைனாகுலர் 8x42 வாங்கவா, 10x42 வாங்கவா?

8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். கைநடுக்கம் குறைவு, பார்வைப் பரப்பு அகலம். பனி நாளில் அதைப் பையிலிருந்து எடுத்ததும் முகத்தருகே கொண்டுபோகாதீர்கள், மூச்சுக் காற்று பட்டுக் கண்ணாடி மங்கும்.

வடுவூரில் வாத்துகள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன. எண்ண முடியாமல் இபேர்ட் பட்டியலில் எண்ணுக்குப் பதில் "X" போட்டுவிடுகிறேன். தவறா மேடம்? (நீடாமங்கலம், ஆசிரியை)

தவறில்லை. ஆனால் "X" என்றால் "இருந்தது" என்று மட்டும்தான் பொருள். பத்து வருடம் கழித்து, வரத்து கூடியதா குறைந்ததா என்று யாரும் அதிலிருந்து சொல்ல முடியாது. தோராயமான எண் அதைவிட எவ்வளவோ மேல்.

முதலில் பத்து வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். அந்த அளவில் பத்துக் கட்டம் சேர்ந்தால் நூறு. பிறகு இடமிருந்து வலமாக நூறு நூறாகத் தள்ளிக்கொண்டே போங்கள். கூட்டத்தின் ஓரத்தில் இடைவெளி அதிகம், நடுவில் நெருக்கம் அதிகம். ஓரத்தில் பிடித்த அளவை நடுவில் வைத்தால் எண்ணிக்கை பாதியாகிவிடும். நடுப்பகுதிக்குத் தனியாக அளவு பிடியுங்கள். முடித்ததும் வலமிருந்து இடமாக இன்னொரு முறை எண்ணுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை. பெரிய கூட்டத்தைக் குறைத்து மதிப்பிடுவதுதான் எல்லோருக்கும் இயல்பு, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த இனம் எத்தனை என்பதற்கு, மொத்தத்தை எண்ணிய பிறகு வெவ்வேறு இடங்களில் நூறு பறவைகளை எடுத்துப் பாருங்கள். அதில் ஊசிவால் வாத்து 60, நீலச்சிறகி 40 என்றால் அந்த விகிதத்தில் பிரித்துப் போடலாம். குறிப்பில் "விகிதத்தால் மதிப்பிட்டது" என்று எழுதிவிடுங்கள்.

வெள்ளைக் கொக்கு மூணும் குழப்புது. அலகு மஞ்சள்னா ஒண்ணு, கறுப்புன்னா ஒண்ணுன்னு வெச்சுக்கலாமா அக்கா? (பாபநாசம்)

வைத்துக்கொள்ளக் கூடாது. இனப்பெருக்கக் காலத்தில் பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் மஞ்சள் அலகு கறுத்துவிடும். வாய்ப்பிளவைப் பாருங்கள். அலகின் கோணத்திலிருந்து கன்னத்தில் ஓடும் அந்த மெல்லிய கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. சின்னக் கொக்குக்குக் கால் கறுப்பு, பாதம் மஞ்சள். சேற்றில் நின்றால் பாதம் தெரியாது, தூக்கி வைக்கும்வரை காத்திருங்கள். நான்காவதாக உண்ணிக்கொக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: குட்டையான மஞ்சள் அலகு, தாடை உப்பியது போலிருக்கும்.

தூரத்தில் பறந்து போனதா? இனம் சொல்லாமல் "கொக்கு வகை" என்று பொதுப்பெயரில் போட இபேர்டில் இடம் இருக்கிறது. ஊகித்து எழுதிய பெயரைவிட அது மதிப்புள்ள பதிவு.

காக்கா, மைனா, மடையான் எல்லாமும் எழுதணுமா? புதுசா வந்தது மட்டும் போதாதா? (திருத்துறைப்பூண்டி)

எல்லாம் எழுத வேண்டும். அடையாளம் தெரிந்த அத்தனை இனத்தையும் எழுதினால்தான் அது முழுப் பட்டியல். முழுப் பட்டியலில் இல்லாத பறவை அன்று உங்கள் கண்ணில் படவில்லை என்பதும் ஒரு தகவல். அரிய பறவையை மட்டும் எழுதினால் அந்தத் தகவல் போய்விடுகிறது. மடையான் குறைகிறதா என்பதை அப்புறம் எங்கிருந்து தெரிந்துகொள்வது?

பேருந்து நிலையத்திலேயே பட்டியலைத் தொடங்கிவிடுவது பலரும் செய்யும் பிழை. கரையேறிப் பார்க்கத் தொடங்கும்போது தொடங்குங்கள், பார்ப்பதை விட்டதும் நிறுத்துங்கள். ஒரே இடத்தில், முப்பது மீட்டருக்குள் நின்று பார்த்தால் நிலைப் பதிவு. நடந்தால் நடைப் பதிவு. போன கரையிலேயே திரும்பி வந்தால் ஒரு வழித் தூரத்தை மட்டும் போடுங்கள், வரும்போது அதே பறவைகளைத் திரும்ப எண்ணாதீர்கள். ஒரு ஏரிக்கு ஒரு பட்டியல். மூன்று ஏரியை ஒன்றாகப் போட்டால் எந்தப் பறவை எந்த ஏரியில் இருந்தது என்பது தெரியாமல் போய்விடும்.

கூடவே தண்ணீர் நிலையை ஒரு வரி எழுதுங்கள்: மதகில் எத்தனை படி தெரிகிறது, சேறு வெளியே தெரிகிறதா, ஆகாயத்தாமரையும் நெய்வேலி காட்டாமணக்கும் எவ்வளவு மூடியிருக்கின்றன. ஏரி நிறைந்திருந்தால் வாத்து, வடியத் தொடங்கினால் சேற்றில் இரை தேடும் உள்ளான் என்று பறவை வரத்தே தண்ணீரைப் பொறுத்தது. மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கிறதா, தள்ளிப்போகிறதா என்பது கடைமடை ஏரியின் பறவைப் பட்டியலில் அப்படியே தெரியும்.

மெர்லின் செயலி பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறது. அதை அப்படியே பட்டியலில் சேர்க்கலாமா? ஃபோனிலேயே நல்லா ஒலிப்பதிவு பண்ண வழி உண்டா? (கும்பகோணம்)

சேர்க்க வேண்டாம். அது சொல்லும் பெயரைத் துப்பாக எடுத்துக்கொண்டு பறவையைத் தேடுங்கள். கரிச்சான், வைரி என்ற சிறு வேட்டைப் பறவையின் குரலை அச்சு அசலாகக் கொடுக்கும். செயலியும் ஏமாறலாம், நாமும் ஏமாறலாம்.

ஒலிப்பதிவுக்கு: ஒலியைச் சுருக்காத வாவ் (WAV) கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ் என்று செயலியில் அமைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் குறைப்பு, தானியங்கி ஒலி அளவு இரண்டையும் அணைத்துவிடுங்கள். அவை பூச்சிச் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். ஃபோனை உள்ளங்கையில் பிடிக்காமல் துண்டின் மேல் வைத்தால் விரல் உரசும் சத்தம் வராது. தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும், அதனால் எந்தக் கருவி வாங்குவதையும்விட நாலடி முன்னால் போவது பயன் தரும். ஆனால் பறவை கலையும் அளவுக்குப் போகாதீர்கள். குரலை ஒலிபரப்பி வரவழைப்பது வேண்டவே வேண்டாம், கூடு கட்டும் காலத்தில் அது பெரிய தொந்தரவு.

மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி இருக்கும். ஊருக்கு எதிர்க்கரைக்குப் போய், மைக்கை ஊருக்கு முதுகு காட்டிப் பிடியுங்கள். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விழும், அதில் எடுங்கள். கடைசியில் உங்கள் குரலில் தேதி, நேரம், இடம், பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்று சொல்லி முடியுங்கள். சுவர்க்கோழி, வெட்டுக்கிளி என்றால் வெப்பநிலையையும் சொல்லுங்கள். சூடு ஏற ஏற அவை வேகமாகச் சத்தமிடும்.

தட்டான் படம் போட்டா யாரும் பெயர் உறுதி செய்ய மாட்டேங்கிறாங்க அக்கா. (வேதாரண்யம், பள்ளி மாணவி)

படம் அழகாக இருந்திருக்கும், அடையாளம் இருந்திருக்காது. ஒரே தட்டானை மூன்று கோணத்தில் எடுங்கள் கண்ணு: பக்கவாட்டில் நெஞ்சுக் கோடுகள், மேலிருந்து முதுகும் சிறகுப் புள்ளியும், கடைசியாக வால் நுனியில் இருக்கும் கொக்கி போன்ற உறுப்புகள். பல இனங்களைப் பிரிப்பது அந்த நுனிதான். மூன்றையும் ஒரே பதிவில் சேர்க்க வேண்டும். பக்கத்தில் இருந்த வேறொரு தட்டான் வேறொரு பதிவு.

அதிகாலைதான் இதற்கு நேரம். பனி ஒட்டிய தட்டானும் ஊசித்தட்டானும் கோரைத் தண்டில் தொங்கிக்கொண்டிருக்கும். பறக்கும் தசை சூடேறும்வரை அவற்றால் கிளம்ப முடியாது. குனிந்து, உங்கள் நிழல் மேலே விழாமல், மெதுவாகப் போங்கள். கேமராவும் தட்டானின் உடலும் இணையாக இருந்தால் தலை முதல் வால் வரை தெளிவு வரும். விரலால் தட்டிப் பனியை உதறாதீர்கள். தண்டில் ஒட்டிய காலி உரி (தட்டானின் இளம்பூச்சி கழற்றிவிட்ட தோல்) கிடைத்தால் அதையும் படமெடுங்கள்: இந்த ஏரியிலேயே வளர்ந்து வெளிவந்தது என்பதற்கு அதுதான் சான்று. மழைக்காலத்தில் கூட்டமாகத் திரியும் மஞ்சள் தட்டான் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகும் இனம். அதைப் பார்த்ததை மட்டும் வைத்து உள்ளூரில் பிறந்தது என்று சொல்ல முடியாது.

வண்ணத்துப்பூச்சிக்கு வெயில் ஏறிய பிறகு வாருங்கள்.

மே மாதம் ஏரி வறண்டுவிடுகிறது. அப்போதும் போகணுமா? (பட்டுக்கோட்டை)

போகணும். தரையில் கூடு வைக்கும் செம்மூக்கு ஆள்காட்டிக்கு அது முட்டையிடும் காலம். கத்திக்கொண்டே தலைக்கு மேல் சுற்றினால் முட்டை பக்கத்தில் இருக்கிறது, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

நத்தைகுத்தி நாரை கூடு கட்டியிருக்கும் மரத்தைக் கண்டுபிடித்தேன். இடத்தைப் போடலாமா சார்?

சாருக்குப் பதில் அக்கா என்றே கூப்பிடுங்கள். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் போன்ற சரணாலயங்களில் அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த இடம். அங்கே வனத்துறை சொல்லும் பாதையை விட்டு இறங்காமல் இருந்தால் போதும். காவல் இல்லாத ஊர் ஏரி என்றால் ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மங்கலாக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள், கூட்டின் படத்தை அந்தப் பருவம் முடிந்த பிறகு ஏற்றுங்கள். மரத்தடியில் நிற்க வேண்டாம். தாய்ப்பறவை எழுந்த நேரத்தில் காகம் முட்டையைத் தூக்கிவிடும்.

வடுவூர் தூரம். எங்கள் ஊர் ஏரி சின்னது, இருபது இனம்கூட வராது. பயன் உண்டா? (வலங்கைமான்)

வடுவூர் 1999 முதல் சரணாலயம், 2022-ல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலுக்கு வந்தது. அங்கே பார்க்க ஆள் இருக்கிறார்கள். உங்கள் ஏரிக்கு நீங்கள்தான். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, அதே கரை, அதே நேரம், அதே ஒரு மணி நேரம் பாருங்கள். எட்டு இனம் வந்த நாளையும் ஏற்றுங்கள். தொடங்கத் தோதான நாள் வேண்டுமென்றால் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது, குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்தால் போதும்.