படிச்சதும் சைக்கிள எடுக்கத் தோணும்

கேள்வி: படிச்ச உடனே பையத் தூக்கிட்டுக் கிளம்பத் தோணுற மாதிரி ஒரு பயணப் புத்தகம் சொல்லுங்களேன்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: யோசிக்கவே வேணாம்மா, டெர்வ்லா மர்ஃபியோட 'ஃபுல் டில்ட்', 1965ல வந்தது. அயர்லாந்துக்காரங்க. பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு அட்லஸ் மேப் புத்தகமும் கிடைச்சுது, அப்பவே இந்தியாவுக்கு சைக்கிள்லயே போறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆனா 14 வயசுல படிப்ப நிறுத்திட்டு நடக்க முடியாத அம்மாவப் பாத்துக்க வேண்டியதாச்சு, அம்மா 1962ல இறந்தப்புறம்தான் 1963 ஜனவரில, ஐரோப்பாவே பனில உறைஞ்சு கெடக்குறப்போ, தனியா கிளம்புறாங்க.

சைக்கிளுக்குப் பேரு ரோஸ். மலை ரோட்டுல ரிப்பேரானா யாரு சரி பண்றதுன்னு கியரையே கழட்டிப் போட்டுட்டாங்க! யுகோஸ்லாவியாக் காட்டுல ஓநாய்ங்க மேல பாய, கைத்துப்பாக்கியால சுட்டுத் தப்பிச்சாங்க. எனக்கு அதவிடப் பிடிச்சது ஆப்கானிஸ்தான் பக்கங்கள்தான், அந்த ஊரையும் ஜனங்களையும் அவ்ளோ ஆசையா எழுதியிருப்பாங்க, இன்னிக்குப் படிச்சா மனசு கனக்குது. ஈரான், பாகிஸ்தான்லாம் தாண்டி டெல்லி வரைக்கும் வந்துட்டாங்க. டைரி நடைதான், இங்கிலீஷ் கஷ்டமா இருக்காது, பக்கத்துல ஒரு மேப்ப விரிச்சு வெச்சுட்டு கண்டிப்பா படிங்க.