சம்பளம் கூட்டியும் நர்ஸ்கள் ஏன் நிற்பதில்லை?

சிறிய மருத்துவமனை நடத்துகிறேன், சம்பளம் கூட்டியும் நர்ஸ்கள் தங்குவதில்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ராஜினாமாக் கடிதத்தில் நாங்கள் எல்லோரும் எழுதுவது ஒரே காரணம்தான்: குடும்பச் சூழ்நிலை. 2017இல் நானும் அதைத்தான் எழுதினேன். வீட்டில் ஒரு சூழ்நிலையும் இல்லை. வார்டைக் கவனிக்கும் சீனியர் நர்ஸான வார்டு இன்சார்ஜ்தான் சூழ்நிலை.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. சேர்ந்து நாலாவது மாதம். நைட் முடிந்து, அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்டோவர் கொடுத்துக்கொண்டிருந்தேன். 22 நோயாளிகளுக்கு ராத்திரி நாங்கள் 2 பேர். 16ஆம் பெட் தாத்தாவுக்கு ஐவி போட்ட கை வீங்கியிருந்தது. நாலு மணிக்குப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள், தாத்தாவின் மகள் முன்னாலேயே, "எந்தக் காலேஜ்ல படிச்சே நீ?" என்றார் இன்சார்ஜ். தாத்தாதான் "விடும்மா, புள்ள ராவெல்லாம் ஓடிக்கிட்டே இருந்துச்சு" என்றார். அதற்கப்புறம் எது தப்பானாலும் வாய் திறக்கப் பயந்தேன். நோயாளிக்கு அது எவ்வளவு ஆபத்து என்று தெரிந்தும்தான்.

அடுத்து சேர்ந்த இடத்தில் சம்பளம் ஆயிரம் ரூபாய் குறைவு. அங்கே 6 வருடம் இருந்தேன். யாருக்கு எப்போது டியூட்டி என்று போடும் ரோஸ்டர் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கும். யாருக்கு எந்த நாள் ஆஃப் வேண்டுமோ 20ஆம் தேதிக்குள் எழுதிவிடலாம். தீபாவளிக்கு நைட் பார்த்தவருக்குக் கேட்காமலே பொங்கல் ஆஃப். ஒருமுறை ஆன்டிபயாடிக் ஒரு டோஸ் கொடுக்காமல் விட்டுவிட்டேன். இன்சார்ஜ் அக்கா என்னை ட்ரீட்மென்ட் ரூமுக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "என்ன ஆச்சு, வரிசையா சொல்லு" என்றார். பிறகு அவரே டாக்டருக்குப் போன் போட்டார்: "எங்க வார்டுல ஒரு டோஸ் மிஸ் ஆயிடுச்சு சார்." என் பேரே வரவில்லை. திட்டு இல்லாமல் இல்லை, அது சாயங்காலம் தனியாக நன்றாகவே விழுந்தது.

அதற்காகச் சம்பளம் முக்கியமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்றது. மறு வருடம் நான் வாங்கியது 11,500. ப்ரோமெட்ரிக் என்ற நர்ஸிங் தேர்வு எழுதிச் சவுதிக்கும், ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு எழுதி இங்கிலாந்துக்கும் போகிறவர்களை எந்த நல்ல இன்சார்ஜும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. ஆனால் எதிர்த்தெரு மருத்துவமனைக்கு அதே சம்பளத்துக்குப் போகிறார்களே, அவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

உங்கள் இடத்தில் ரோஸ்டரை யார் போடுகிறார், எந்தத் தேதிக்கு ஒட்டுகிறார் என்று முதலில் போய்ப் பாருங்கள். அப்புறம், போனவர்களிடம் கேட்பதாக இருந்தால் ஒரு மாதம் கழித்துப் போன் பண்ணிக் கேளுங்கள். ரிலீவிங் லெட்டரும் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் கைக்கு வரும் வரை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டோம்.