சோக் செயின் இல்லாமல் நாய் கற்குமா?
(வாசகர் கேள்வி – பதில்)

எட்டு மாத லேப்ரடாருக்குப் பயிற்சி கொடுக்க ஒருவரை அழைத்தோம். பதினைந்து வருட அனுபவம் என்கிறார். "சோக் செயின் (இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி) போட்டு நாலு இழுப்பு இழுத்தால் அடங்கிவிடும். தலைவன் யார் என்று நாய்க்குத் தெரிய வேண்டும்" என்கிறார். நம்பி விடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

வேண்டாம். நம் நாட்டில் நாய்ப் பயிற்சியாளராவதற்கு அரசு உரிமம் எதுவும் கட்டாயமில்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அதனால் விசாரிக்கும் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்தான் விழுகிறது.

"தலைவன்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து, அவை மோதித் தலைமையைப் பிடிக்கின்றன என்று 1947-ல் எழுதியதில்தான் இதன் வேர் இருக்கிறது. 1970-ல் வெளியான தன் நூலின் வழியே அதைப் பரப்பிய டேவிட் மெக் என்ற ஆய்வாளரே, காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999-ல் திருத்தி எழுதினார். பயிற்சியாளர் சொல்வது, பரப்பியவரே கைவிட்ட கருத்து.

சோக் செயினின் கெடுதல் கழுத்தோடு நிற்பதில்லை. மூச்சுக்குழாய் நசுங்குவதும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுவதும் ஒரு பக்கம். நாய் வலியை எதோடு முடிச்சுப் போடுகிறது என்பது அதைவிட முக்கியம். எதிரே வரும் நாயைப் பார்த்துத் துள்ளுகிறது, நீங்கள் சங்கிலியைச் சுண்டுகிறீர்கள். "நான் இழுத்ததால் வலித்தது" என்று அது கணக்குப் போடாது. கண்ணில் பட்டது அந்த நாய், அதே நொடியில் கழுத்து வலித்தது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். விளையாடத் துள்ளிய நாய் சில வாரங்களில் எந்த நாயைக் கண்டாலும் சீற ஆரம்பிப்பது இப்படித்தான்.

கால்நடை மருத்துவர்களின் அமெரிக்க நடத்தையியல் சங்கம் 2021-ல் வெளியிட்ட நிலைப்பாடு, மூர்க்கம் காட்டும் நாய்கள் உட்பட எல்லா நாய்களுக்கும் பரிசு முறையைத்தான் பரிந்துரைக்கிறது. வேல்ஸ் நாடு மின்னதிர்வுப் பட்டைகளை 2010-லேயே தடை செய்துவிட்டது. பரிசு முறையின் ஒரு வேர் கடலில் இருக்கிறது. 1960-களில் ஹவாயில் கேரன் பிரையர் டால்பின்களைப் பழக்கினார். டால்பின் கழுத்தில் சங்கிலி மாட்ட முடியாது, அதட்டினால் நீந்திப் போய்விடும். விசிலும் மீனும்தான் வழி. சரியாகச் செய்த நொடியில் விசில், உடனே மீன். நாய்க்கு "கிளிக்கர்" (அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் சின்னக் கருவி) பயன்படுத்துவதும் இதே கணக்குதான்.

பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியவை: நாய் சரியாகச் செய்தால் என்ன தருவீர்கள்? தவறினால் என்ன செய்வீர்கள்? யாரிடம், எந்த முறையில் கற்றீர்கள்? கடைசியாக எப்போது புதிதாகப் படித்தீர்கள்? நான் கூடவே நின்று பார்க்கலாமா? "தவறினால்" என்ற கேள்விக்கு "வேலையைச் சுலபமாக்கி மறுபடி கேட்பேன்" என்ற பொருளில் பதில் வந்தால் நல்லது. "கரெக்‌ஷன் கொடுப்பேன்" (தண்டித்துத் திருத்துவேன்) என்றால் எதைக் கொண்டு, எப்படி என்று விடாமல் கேளுங்கள். காவல்துறையிலோ ராணுவத்திலோ நாய்களோடு இருந்தவர் என்பது அவரை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. கையாளும் முறைதான் கணக்கு. "ஒரு மாதம் என்னிடம் விட்டுவிடுங்கள், பார்க்க வர வேண்டாம்" என்பவரிடம் விடவே கூடாது.

ஒரு வகுப்பைப் பார்க்கப் போனால் பயிற்சியாளரை விட்டுவிட்டு நாயைக் கவனியுங்கள். உணவு இல்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, வாலை ஒடுக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது எல்லாம் பயத்தின் அடையாளங்கள். வழக்கமாகப் பாய்ந்து தின்னும் கோழித் துண்டை முகர்ந்துவிட்டு ஒதுக்குகிறது என்றால் அங்கே பாடம் நடக்கவில்லை.

தின்பண்டம் கொடுத்தே பழக்கினால், கையில் ஏதாவது இருந்தால்தானே சொன்னதைக் கேட்கும்?
– வாசகி, சென்னை

கையில் காட்டிவிட்டுச் சொன்னால் அப்படித்தான் ஆகும். அது லஞ்சம். உட்கார வைக்கும்போது மூக்கின் மேல் துண்டைக் காட்டி இழுப்பது முதல் நாலைந்து தடவைக்கு மட்டும். பிறகு வெறுங்கையால் அதே சைகை. உட்கார்ந்தபின் இடுப்புப் பையிலிருந்து எடுத்துத் தாருங்கள். செய்த ஒரு நொடிக்குள் "ஆமா" என்று ஒரே மாதிரி ஒரு சொல், பிறகு துண்டு. தாமதித்தால், எழுந்து நின்றதற்குப் பரிசு கொடுத்ததாகிவிடும்.

துண்டு பட்டாணி அளவு போதும். உப்பு, மசாலா, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாத கோழி நல்லது. பிஸ்கட், சாக்லேட், திராட்சை வேண்டாம். ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இது போகக் கூடாது.

எங்கள் சிப்பிப்பாறை கூப்பிட்டால் வருவதே இல்லை. வந்தபின் ரெண்டு அடி கொடுத்தும் பார்த்துவிட்டோம்.
– வாசகர், கோவில்பட்டி

வந்ததற்குத்தான் அடி விழுந்திருக்கிறது. ஓடிய குற்றம் நாய்க்கு மறந்து போயிருக்கும். கடைசியாகச் செய்தது உங்களிடம் வந்ததுதான். குளிப்பாட்டவும் கட்டிப்போடவும் மட்டுமே கூப்பிட்டிருந்தால் "வா" என்ற சொல் கெட்டுப்போயிருக்கும். புதுச் சொல் ஒன்றை எடுங்கள். விசிலும் ஆகும்.

முதல் வாரம் வீட்டுக்குள்: சொல்லை ஒரே ஒரு தடவை சொல்லி, அடுத்தடுத்து ஐந்து துண்டு கோழி. அது எதுவும் செய்ய வேண்டியதில்லை. நாளுக்குப் பத்துத் தடவை. அடுத்த வாரம் இரண்டு மீட்டர் தூரம், பிறகு பக்கத்து அறையிலிருந்து. பத்தில் எட்டுத் தடவை உடனே வந்தால்தான் அடுத்த படி. அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

வெளியே பத்து மீட்டர் கயிறு. கழுத்துப் பட்டையில் கட்டக் கூடாது. வேகமாக ஓடி கயிறு தீரும் இடத்தில் முழு விசையும் கழுத்தில் இறங்கும். முதுகுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸில் (மார்பைச் சுற்றி மாட்டும் வாரில்) மாட்டுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம், விரல் போய்விடும்.

சிப்பிப்பாறை பார்வையால் வேட்டையாடும் இனம். தூரத்தில் அசைவு கண்டு காது நிமிர்ந்து உடல் விறைத்துவிட்டால் அப்போது கூப்பிட்டுச் சொல்லை வீணாக்காதீர்கள். அருகே போய்க் கூட்டி வாருங்கள். விறைப்பதற்கு முந்தைய நொடிதான் உங்களுடையது. வந்த ஐந்து தடவையில் நாலு தடவை மறுபடி ஓட விடுங்கள். வந்தால் விளையாட்டு முடிந்தது என்று அது நினைக்கக் கூடாது. வேலியில்லாத இடத்தில், சாலைக்கு அருகில், எவ்வளவு பழகினாலும் இந்த இனத்தை அவிழ்த்துவிட வேண்டாம்.

குட்டிக்கு எந்த வயதில் தொடங்கலாம்?
– வாசகி, மதுரை

வீட்டுக்கு வந்த அன்றே. மூன்று வாரம் முதல் ஏறக்குறைய பதினாலு வாரம் வரை உலகம் பயப்படத் தக்கதா இல்லையா என்று குட்டி முடிவு செய்யும் காலம். தடுப்பூசி முடியும்வரை தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போய்க் குடை, பைக், ஆட்டோ சத்தம் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு கொடுங்கள்.

மூன்று வயது நாட்டு நாய். சாப்பிடும்போது அருகே போனால் உறுமுகிறது. பழகட்டும் என்று என் கணவர் தட்டை எடுத்து எடுத்து வைக்கிறார். ஆறு வயது மகன் இருக்கிறான்.
– வாசகி, தஞ்சாவூர்

தட்டை எடுப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் "இவர் பிடுங்கத்தான் வருகிறார்" என்று அதற்கு உறுதியாகிறது. உறுமியதற்காக அதட்டவும் கூடாது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கினால் பயம் அப்படியே இருக்கும், அடுத்து எச்சரிக்கை இல்லாமல் பல் படும்.

நாய் சாப்பிடும்போது மகன் வேறு அறையில், கதவு தாழிட்டு. இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. பெரியவர் ஒருவர் மட்டும், நாய் விறைக்காமல் சாப்பிடும் தூரத்தில், சுமார் இரண்டரை மீட்டரில் கடந்து போகட்டும். போகும்போது தட்டருகே ஒரு கோழித் துண்டை எறிந்துவிட்டு நிற்காமல் போய்விட வேண்டும். தட்டில் இருப்பதைவிட எறிவது ருசியாக இருக்க வேண்டும். தயிர்சாதம் தின்னும் நாய்க்கு இன்னொரு கை தயிர்சாதம் பெரிதில்லை. ஒரு வேளைக்கு ஐந்தாறு தடவை. உங்களைக் கண்டதும் உடம்பு தளர்ந்து தலை தூக்கி எதிர்பார்த்தால், மறுநாள் அரை அடி நெருங்கலாம். தலையைத் தட்டுக்குள் தாழ்த்தி அவசரமாக விழுங்கினால் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்குங்கள்.

உறுமல் திடீரென்று தொடங்கியதென்றால் முதலில் கால்நடை மருத்துவரிடம் பல், காது, மூட்டு வலி இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே கடித்திருந்தால் தனியாக முயல வேண்டாம், மருத்துவரையும் பரிசு முறைப் பயிற்சியாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல் பட்டுத் தோல் கீறியிருந்தால், நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.