லா ஃபர்ம் வேலை: பிஎஃப் ஏன் இல்லை, ராத்திரி ஏன் நீள்கிறது?

கார்ப்பரேட் சட்ட நிறுவனங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, இத்துறையின் வக்கீல்களும் வரி ஆலோசகர்களும் தரும் பதில்கள்.

கேள்வி: நுங்கம்பாக்கத்தில் கிளை வைத்திருக்கும் பெரிய ஃபர்ம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. வருடத்துக்கு 15 லட்சம் என்கிறார்கள். ஆனால் பிஎஃப் கிடையாதாம். ‘ரீட்டெய்னர்’ என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். ஏமாற்று வேலையா?
– சட்டக் கல்லூரி இறுதியாண்டு மாணவர், தரமணி

ஏமாற்று இல்லை. ஆனால் 15 லட்சத்தை அப்படியே 12-ஆல் வகுத்து வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

வக்கீலாகத் தொழில் செய்கிறவர் யாரிடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்கிறது பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் விதி 49. அதனால் பெரும்பாலான ஃபர்ம்கள் அசோசியேட்டுகளுக்கு, அதாவது பார்ட்னர் ஆகாத வக்கீல்களுக்கு, தருவது சம்பளம் அல்ல, தொழில்முறைக் கட்டணம். ஊழியர் இல்லை என்றானபின் பிஎஃப், கிராஜுவிட்டி பேச்சே எழாது. மகப்பேறு விடுப்பும் தானாக வராது. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

அடுத்து, நிலையான தொகை எவ்வளவு, வேரியபிள் (கூடிக் குறையக்கூடிய பகுதி) எவ்வளவு? 12 + 3 என்றால் மாதம் 1 லட்சம். அதில் 10 சதவீதம் டிடிஎஸ் போக, கைக்கு வருவது 90,000. வேரியபிள் எந்தத் தேதியில் வரும், அந்தத் தேதியில் நீங்கள் ஃபர்மில் இருந்தால்தான் கிடைக்குமா என்பதையும் பாருங்கள். 3 மாத நோட்டீஸ் ஷரத்தும் இதுவும் சேர்ந்தால், விலகும் வருடத்தில் அந்த 3 லட்சம் கணக்கிலேயே வராது.

பிடித்த டிடிஎஸ்ஸைப் போனது போனதுதான் என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வக்கீல்கள் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில், மொத்த வரவில் 50 சதவீதத்தை மட்டும் வருமானமாகக் காட்டலாம். வரவு 50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை. 15 லட்சம் முழுதும் வந்தால் வருமானம் 7.5 லட்சம். 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி வராது. ஆகவே வேறு வருமானம் இல்லாதவருக்கு, பிடித்த 1.5 லட்சமும் திரும்ப வரும். தாக்கல் செய்ய வேண்டியது ஐடிஆர்-4. ஃபர்ம் தரும் டிடிஎஸ் சான்றிதழ் படிவம் 16ஏ-வா என்று பாருங்கள். படிவம் 16 தந்தால் அவர்கள் அதைச் சம்பளமாகக் காட்டியிருக்கிறார்கள். இந்தக் கணக்கு பொருந்தாது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு. அதற்குப் பிந்தைய வருமானத்துக்கு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று: ஹைகோர்ட்டில் சீனியரிடம் ஜூனியராகச் சேருகிறவருக்குச் சென்னையில் மாதம் குறைந்தபட்சம் 20,000 தர வேண்டும் என்ற நிலையே 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் வந்தது.

கேள்வி: மகள் பெரிய ஃபர்ம் ஒன்றில் 2 வருடமாக இருக்கிறாள். ராத்திரி 1 மணிக்கு முன்னால் வீடு வந்ததில்லை. இப்படி உட்கார வைத்து அவர்களுக்கு என்னதான் லாபம்?
– ஒரு தாய், அண்ணா நகர்

அம்மா, லாபம் அந்தக் கடைசி மணி நேரங்களில் இல்லை. பல சமயம் அந்த மணிகளுக்குப் பணமே வராது. ஆனாலும் வேலை நடக்கிறது. ஏன் என்பதற்கு ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கம்பெனியை வாங்குவதற்கு முன் அதன் ஆவணங்களை அலசும் ‘டியூ டிலிஜென்ஸ்’ வேலை. பார்ட்னர் 20 மணி நேரம், மணிக்கு 25,000 வீதம் 5 லட்சம். சீனியர் அசோசியேட் 60 மணி நேரம், 12,000 வீதம் 7.2 லட்சம். உங்கள் மகளைப் போல இரண்டு ஜூனியர்கள், ஆளுக்கு 150 மணி நேரம், 6,000 வீதம் 18 லட்சம். ஆக 30.2 லட்சம். ஆனால் கிளையன்ட்டிடம் பேசியிருப்பது ‘கேப்’: என்ன ஆனாலும் 20 லட்சத்துக்கு மேல் பில் கிடையாது. மீதி 10.2 லட்சம் கணக்கிலிருந்து தள்ளுபடி ஆகிறது. நூறு ரூபாய் வேலைக்கு 66 ரூபாய்தான் வசூல்.

கேப்பை ஒப்புக்கொள்வது பார்ட்னர். வெட்டப்படுவது பெரும்பாலும் ஜூனியர்களின் மணிகள். ஜூனியருக்கு மாதத் தொகை நிலையானது, ஓவர்டைம் கிடையாது. அவர் 100 மணி கூடுதலாக உட்கார்ந்தாலும் ஃபர்முக்குக் கூடுதல் செலவு இல்லை. செலவில்லாத ஒன்றைச் சிக்கனமாகச் செலவழிக்க யாருக்கும் தோன்றாது. எங்கள் பார்வையில் ராத்திரி வேலைக்கு முதல் காரணம் இதுதான். ‘கடின உழைப்புக் கலாசாரம்’ என்பதெல்லாம் பிறகு ஒட்டிய பெயர்.

மற்ற காரணங்கள் சாதாரணமானவை. கிளையன்ட் கம்பெனியின் ஆட்கள் தங்கள் அலுவலை முடித்துவிட்டுச் சாயங்காலம் 7 மணிக்குத்தான் திருத்தங்களை அனுப்புவார்கள். எதிர்த்தரப்பு நியூயார்க்கில் இருந்தால், அங்கே காலை 9.30 என்பது நமக்கு இரவு 7 அல்லது 8. மும்பைப் பார்ட்னருக்கும் சென்னைப் பார்ட்னருக்கும் சேர்த்து வேலை பார்க்கிறவருக்கு, ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். டைம்ஷீட் 6 நிமிடத்துக்கு ஒரு அலகு என்று, மணியைப் பத்தாகப் பிரித்து எழுதுவது. ‘நான் மெதுவாகச் செய்தேன்’ என்று கூச்சப்பட்டு 9 மணி நேர வேலையை 6 என்று போடும் ஜூனியர்கள் ஏராளம். அடுத்த வேலைக்கு விலை சொல்லும்போது பார்ட்னர் அந்த 6-ஐத்தான் பார்ப்பார். கேப் இன்னும் இறங்கும், ராத்திரி இன்னும் நீளும். அன்றன்றே, உள்ளபடி எழுத வேண்டும். வெட்டுவது பார்ட்னரின் வேலை. போனஸ் எழுதிய மணிக்கா, பில் ஆன மணிக்கா என்பதையும் அப்ரைசலில் கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: ஆட்டோ பாகங்கள் செய்யும் சிறிய கம்பெனி எங்களுடையது. ஒரு ஒப்பந்தத் தகராறுக்கு ‘முதல் வரிசை’ ஃபர்ம் ஒன்றைச் சொல்கிறார்கள். அந்த வரிசையை நம்பலாமா?
– அம்பத்தூர் தொழிற்பேட்டை வாசகர்

ஓரளவு. வக்கீல்கள் விளம்பரம் செய்ய பார் கவுன்சிலின் விதி 36 தடை விதிக்கிறது. 2008 திருத்தத்துக்குப் பிறகு இணையதளத்தில் குறிப்பிட்ட சில விவரங்களை மட்டும் போடலாம். அதனால் சேம்பர்ஸ், லீகல் 500 போன்ற தரவரிசைகளுக்கு இங்கே மவுசு அதிகம். சேம்பர்ஸுக்கு, ஒவ்வொரு துறைக்கும் தங்கள் வேலைகளில் 20 வரை ஃபர்மே எழுதி அனுப்புகிறது. விசாரிக்க வேண்டிய கிளையன்ட்டுகளின் பட்டியலையும் ஃபர்மே தருகிறது. பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அது பெரிய கிளையன்ட்டுகள் பெரிய வேலைக்குத் தரும் மதிப்பெண். உங்கள் கோப்பை யார் பார்ப்பார் என்பதை அது சொல்லாது.

ஆகவே என்கேஜ்மென்ட் லெட்டரில் (ஃபர்மை அமர்த்தும் ஒப்பந்தக் கடிதத்தில்) பெயர் போட்டுக் கேளுங்கள்: எந்தப் பார்ட்னர், எந்த அசோசியேட், மணிக்கு எவ்வளவு, கேப் எவ்வளவு, கேப்பில், வாதாட வெளியிலிருந்து அமர்த்தும் சீனியர் அட்வகேட்டின் ஃபீஸ் அடங்குமா. கடைசியாகச் சொன்னதில்தான் பலர் மாட்டுகிறார்கள். ராஜாஜி சாலையில் என்சிஎல்டி (தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்) முன் ஆஜராக சீனியரை அமர்த்தினால் அந்த பில் தனியாக வரும். ‘ஜெயித்தால் இத்தனை சதவீதம்’ என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். பார் கவுன்சில் விதி 20 அதைத் தடுக்கிறது.

ஜிஎஸ்டி 18 சதவீதத்தை வக்கீல் வசூலிக்க மாட்டார். ஜிஎஸ்டி பதிவு வரம்பைத் தாண்டிய கம்பெனி என்றால் ரிவர்ஸ் சார்ஜில், அதாவது சேவை வாங்குகிறவர் என்ற முறையில், நீங்களே கட்ட வேண்டும். ஏற்கெனவே கட்டிய வரி வரவாக நிற்கும் கிரெடிட் லெட்ஜரிலிருந்து கட்ட முடியாது. பணமாகக் கட்டிவிட்டுப் பிறகு கிரெடிட் எடுக்கலாம். ஃபீஸ் தகராறில் கோப்பைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் சேவை சரியில்லை என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போக முடியாது. அந்தக் கதவு 2024 மே மாதத் தீர்ப்போடு மூடிவிட்டது.

கேள்வி: ஈக்விட்டி பார்ட்னர் ஆக்குகிறேன் என்கிறார்கள். 40 லட்சம் மூலதனம் கேட்கிறார்கள். போடலாமா?
– பெயர் வேண்டாம், சென்னை

ஈக்விட்டி பார்ட்னர் என்றால் ஃபர்மின் லாபத்தில் பங்குள்ளவர். முதலில் அது எல்எல்பி-யா (பார்ட்னர்களின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனமா), 1932-ஆம் வருடச் சட்டப்படியான பார்ட்னர்ஷிப்பா? பின்னது என்றால் ஃபர்மின் கடனுக்கு உங்கள் வீடும் பொறுப்பு. எல்எல்பி என்றால் ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 30-க்குள் படிவம் 8 என்ற கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்திருக்க வேண்டும்; கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் கட்டணம் கட்டி எவரும் பார்க்கலாம். கடைசி மூன்று வருடத்தை எடுத்துவிட்டுப் பேசப் போங்கள்.

பிறகு ‘லாக்-அப்’ கேளுங்கள். செய்து முடித்து பில் போடாத வேலை, பில் போட்டும் வராத பணம் இரண்டும் சேர்ந்து எத்தனை நாள்? வருடம் 12 கோடி புரளும் ஃபர்மில் 180 நாள் என்றால், ஏறத்தாழ 6 கோடி வெளியே நிற்கிறது. உங்கள் 40 லட்சம் அந்த ஓட்டையை அடைக்கத்தான். கணக்கு பில் அடிப்படையில் என்றால் வராத பணத்துக்கும் 30 சதவீத வரியை ஃபர்ம் கட்டியாக வேண்டும். ஏட்டில் லாபம் இருக்கும், வங்கியில் இருக்காது. விலகினால் மூலதனம் எத்தனை தவணையில் திரும்பும் என்பது எழுத்தில் வேண்டும்.

லாபம் வந்தாலும் வராவிட்டாலும் இவ்வளவு தருகிறோம் என்று எந்தப் பார்ட்னருக்காவது உத்தரவாதம் தந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். நியூயார்க்கின் டூவி அண்ட் லெபஃப், 2007 இணைப்புக்குப் பின் 1,000-க்கும் மேற்பட்ட வக்கீல்களோடு இருந்தது. இத்தகைய உத்தரவாதங்களும் கடனும் சேர்ந்து அழுத்த, பார்ட்னர்கள் கூட்டமாக வெளியேறி, 2012 மே மாதம் திவாலானது. வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரப் பல முன்னாள் பார்ட்னர்கள் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

கேள்வி: இன்டர்ன்ஷிப்பில் ஒரு சீனியர் தவறாக நடந்துகொண்டார். நான் ஊழியரே இல்லை. புகார் செய்ய முடியுமா?
– மாணவி

முடியும். 2013-ஆம் வருடப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் ‘ஊழியர்’ என்பது பயிற்சியாளரையும், ஊதியமில்லாமல் இருப்பவரையும் சேர்த்துத்தான். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஃபர்மில் உள் புகார்க் குழு கட்டாயம். வெளியிலிருந்து ஒரு உறுப்பினரும் இருக்க வேண்டும். நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். இன்டர்ன்ஷிப் முடிந்துவிட்டது என்பது தடையில்லை. மெசேஜ்களை அழிக்காதீர்கள். குழுவே இல்லை என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் மூலம் உள்ளூர்ப் புகார்க் குழுவை அணுகலாம்.