வாசகர் கேள்வி பதில்: ஒரே தலைப்பில் பல படைப்புகள்

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் ‘நிழல்’ என்ற சிறுகதையைப் படித்தேன். எழுதியவர் பெயர் நினைவில் இல்லை. இணையத்தில் தேடினால் அதே பெயரில் படம், பாட்டு, கவிதை என்று ஏதேதோ வருகிறது. கதை மட்டும் கிடைக்கவில்லை. எப்படித் தேடுவது?

பதில்: வெறும் தலைப்புக்குப் பல நாடுகளின் பதிப்புரிமைச் சட்டங்கள் பாதுகாப்புத் தருவதில்லை என்பதால், ஒரே பெயரை எத்தனை பேர் வேண்டுமானாலும் தங்கள் படைப்புக்குச் சூட்டலாம். தேடுபொறியோ பெரும்பாலோர் நாடுவதையே முன்னால் நிறுத்துகிறது. ஆகவே அந்தப் பெயரில் புதிய படம் ஒன்று வந்துவிட்டால், பழைய கதை எங்கோ பின்னுக்குப் போய்விடும்.

தலைப்போடு இன்னொரு சொல்லைச் சேர்க்கச் சொல்வார்கள். ஆனால் எந்தச் சொல்லைச் சேர்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘விக்ரம்’ என்ற பெயரில் 1986இலும் 2022இலும் படங்கள் வந்தன. அதே பெயரில் ஒரு நடிகரும் இருக்கிறார். ‘விக்ரம் கமல்ஹாசன்’ என்று தேடினால் நடிகர் விக்ரம் பெரும்பாலும் விலகிவிடுவார், ஆனால் இரண்டு படங்களிலும் கமல்ஹாசனே நாயகன் என்பதால் குழப்பம் தீராது. ‘விக்ரம் இளையராஜா’ என்று தேடிப் பாருங்கள். 1986ஆம் ஆண்டுப் படம் முன்னால் வந்து நிற்கும், ஏனெனில் பின்னதற்கு இசை அனிருத். பிரபலமான சொல்லைவிட, அந்த ஒரு படைப்புக்கு மட்டுமே உரிய சொல்தான் நமக்கு உதவும்.

தங்கள் கதைக்கும் அப்படியே செய்யுங்கள். ‘நிழல் சிறுகதை’ என்பதோடு, கதையில் வந்த ஊர், பாத்திரத்தின் பெயர், கிணற்றடி, உடைந்த கண்ணாடி என்று மனத்தில் தங்கிய ஏதேனும் ஒன்றைச் சேருங்கள். ஒரு வரி அப்படியே நினைவிருந்தால் மட்டும் அதை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். ஒரு விகுதி மாறியிருந்தாலும் அந்தப் பக்கம் அகப்படாமல் போகலாம். தமிழில் ‘நிழல்’ என்பது ‘நிழலில்’, ‘நிழலின்’ என்று உருமாறிக்கொண்டே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிறுகதை பெரும்பாலும் தனி நூலாக வருவதில்லை; வேறொரு பெயர் கொண்ட தொகுப்புக்குள்ளோ பழைய இதழ் ஒன்றின் நடுப்பக்கத்திலோ இருக்கும். நூலகப் பட்டியலில் ‘நிழல்’ என்று தேடிக் கிடைக்கவில்லை என்பதற்காக அந்தக் கதையே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். தாங்கள் படித்த காலத்தையொட்டி வெளியான தொகுப்புகளின் பொருளடக்கத்தைப் புரட்டுவது மெதுவான வழிதான், ஆனாலும் நான் அதிகம் நம்புவது அதைத்தான். நூல் எதுவென்று தெரிந்தவுடன், அதை அடையாளம் காட்டும் பன்னாட்டுத் தர எண்ணான ஐஎஸ்பிஎன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2007 முதல் 13 இலக்கங்களில் வழங்கப்படும் அந்த எண், பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும்; தலைப்பைப் போல இன்னொரு நூலோடு குழம்பாது. மிகப் பழைய நூல்களில் இந்த எண் இராது. அங்கே ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு ஆகிய மூன்றையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

கேள்வி: வேண்டாத சொல்லுக்கு முன் கழித்தல் குறி இட்டால் போதாதா?

பதில்: கூகுளில் இடலாம், குறிக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளி இருக்கக் கூடாது. ஆனால் அளவோடு பயன்படுத்துங்கள். 1986ஆம் ஆண்டுப் படத்தைத் தேடும்போது ‘2022’ஐக் கழித்தால், பழைய படத்தை விரிவாகப் பேசிவிட்டுப் புதிய படத்தை ஒரே வரியில் குறிப்பிடும் நல்ல கட்டுரையும் சேர்ந்தே மறைந்துவிடும். கால வரம்பு வைத்துத் தேடுவதிலும் இதே ஆபத்து உண்டு, ஏனெனில் தேடுபொறி பார்ப்பது பக்கம் வெளியான நாளையே தவிர, படைப்பு வெளியான ஆண்டை அன்று.

கேள்வி: பாடலைத் தேடும்போது முதல் வரி பயன்படுமா?

பதில்: முதல் வரியே பிற்காலத்தில் வேறொரு படத்துக்கோ தொடருக்கோ பெயராகிவிடுவதுண்டு. ஆகவே பல்லவியை விட்டுவிட்டு, சரணத்தில் நினைவிருக்கும் நான்கைந்து சொற்களைத் தட்டச்சு செய்யுங்கள்.