மதநல்லிணக்கப் பயிற்சியில் மண்டைக்காட்டைப் பேசலாமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில் உதவி பெறும் கிறிஸ்தவப் பள்ளி ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பல்சமயப் புரிதல், சமாதானக் கல்வி என்ற பெயரில் நடக்கும் மூன்று நாள் ஆசிரியர் பயிற்சிக்குப் போகும்படி தாளாளர் சொல்கிறார். இதனால் வகுப்பறையில் பலன் ஏதும் உண்டா? என் விசுவாசத்துக்கு இடைஞ்சல் வருமா?

பதில்: பயிற்சியில் மண்டைக்காட்டைப் பற்றி, அதாவது 1982-இல் அங்கே மூண்ட இந்து-கிறிஸ்தவக் கலவரத்தைப் பற்றிப் பேசினால் பலன் உண்டு. பேசாவிட்டால் மூன்று நாள் சாப்பாடும் ஒரு சான்றிதழும் கிடைக்கும்.

நானும் இந்த மாவட்டத்துக்காரிதான். கத்தோலிக்கக் குடும்பம்; சமூக அறிவியல் ஆசிரியை. இப்படிப்பட்ட பயிற்சிகளில் பங்கேற்பாளராக உட்கார்ந்திருக்கிறேன், பிறகு சில அமர்வுகளை நடத்தியும் இருக்கிறேன். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. குத்துவிளக்கு ஏற்றுவதா, மெழுகுவர்த்தி ஏற்றுவதா என்ற விவாதத்தில் முதல் கால் மணி நேரம் போய்விடும். பிறகு மும்மத இறைவேண்டல். அடுத்து ஒரு பேராசிரியர் வந்து விவிலியம், கீதை, குர்ஆன் மூன்றிலிருந்தும் அன்பைப் பற்றி ஒவ்வொரு வரி எடுத்துச் சொல்வார். எல்லா மதங்களும் அன்பையே போதிக்கின்றன என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு பஸ் ஏறுவோம். மறுநாள் ஆசிரியர் அறையில் பேச்சு பழையபடியே இருக்கும்.

வேறு மாவட்டங்களில் இந்த அளவே போதுமாக இருக்கலாம். அங்கே பக்கத்து மதத்தைப் பற்றித் தெரியாமை ஒரு சிக்கல். இங்கே அப்படி இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 46.85, இஸ்லாமியர் 4.2. ஒரே குடும்பத்தில் பெரியப்பா வீடு கோயிலுக்கும் சித்தப்பா வீடு சர்ச்சுக்கும் போகும். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருநாளுக்கும், மாசியில் மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை விழாவுக்கும், சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் அவதார தினத்துக்கும் உள்ளூர் விடுமுறை விட்டுப் பழகிய ஊர் இது. அதை ஈடுகட்டச் சனிக்கிழமை பள்ளிக்கு வரவேண்டும் என்று முணுமுணுப்பதில் மட்டும் எங்கள் ஆசிரியர்களுக்குள் மதபேதமே கிடையாது! சிவராத்திரியன்று காவி உடுத்தி, கையில் விசிறியோடு, 'கோவிந்தா, கோபாலா' என்று கூவிக்கொண்டு பன்னிரண்டு சிவாலயங்களுக்கு ஓடுகிறவர்களைக் கிறிஸ்தவப் பிள்ளைகள் வாசலில் நின்று பார்த்து வளர்கிறார்கள். இவர்களுக்குப் போய், சிவராத்திரி என்பது இந்துக்களின் பண்டிகை என்று படம் போட்டுக் காட்டுவதில் என்ன இருக்கிறது?

இங்கே இல்லாதது வேறு. 1982 மார்ச் 1-ஆம் தேதி, மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் கொடை நாட்களில், கடற்கரையில் இந்துக்களுக்கும் மீனவக் கிறிஸ்தவர்களுக்கும் மூண்ட மோதல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. கலவரம் கடலோர ஊர்களுக்குப் பரவியது. நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து இரு தரப்பாரையும் சந்தித்து அமைதிக்குப் பாடுபட்டார். இதைப் பள்ளியில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அதனால் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு அடுக்களையில், தன் தரப்புக் கதையை மட்டும் கேட்டு வளர்கிறது. மாசி பிறந்தால் அந்தக் கதைகள் வாட்ஸ்அப்பிலும் சுற்றத் தொடங்கும். ஆசிரியர்களும் அதே வீடுகளிலிருந்து வந்தவர்கள்தானே. கடற்கரை ஊரிலிருந்து வரும் ஆசிரியையும் உள்நாட்டு ஊரிலிருந்து வரும் ஆசிரியரும் ஒரே மேசையில் ஆண்டுக்கணக்காகச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்திருப்பார்கள்; 1982-ஐப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள்.

நான் பார்த்ததில் உருப்படியாக நடந்த ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். இரண்டாம் நாள் காலை, பெரிய தாளில் வரைந்த மாவட்ட வரைபடத்தைத் தரையில் விரித்தார்கள். கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரை கடற்கரைக் கோடு, நடுவில் நாகர்கோவில், தக்கலை, கருங்கல். ஆளுக்குச் சில சீட்டுகள். 1982-இன் அந்த நாட்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைச் சீட்டுக்கு ஒன்றாக எழுதி, அந்தந்த ஊரின் மேல் வையுங்கள் என்றார்கள். முதலில் யாரும் எழுதவில்லை. மூத்த ஆசிரியர் ஒருவர், "பஸ் ஓடவில்லை. அப்பா நடந்தே வீட்டுக்கு வந்தார்" என்று எழுதி வைத்தார். அதன்பிறகு சீட்டுகள் குவிந்தன. அவற்றை மூன்று கட்டமாகப் பிரிக்கச் சொன்னதுதான் பயிற்சியின் உயிர்: நானே கண்டது, வீட்டில் கேட்டது, பின்னால் படித்தது அல்லது போனில் வந்தது. 'அவர்கள்தான் முதலில் தொடங்கினார்கள்' என்று எழுதியிருந்தவர் சீட்டை முதல் கட்டத்தில் வைத்தார், சற்று நேரம் நின்றார், எடுத்து இரண்டாவதில் போட்டார். அங்கே ஏற்கெனவே இரண்டு சீட்டுகளில் அதே வாக்கியம் கிடந்தது. எழுதியவர்கள் எதிர்த் தரப்பு ஊர்க்காரர்கள். முதல் கட்டத்தில் மிஞ்சியவை மிகச் சில: பஸ் ஓடவில்லை, பள்ளி திறக்கவில்லை, அக்கம்பக்கத்தார் அடைக்கலம் கொடுத்தார்கள், அம்மா விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த அமர்வில் யாரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. தேநீர் இடைவேளையில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள், ஒருவர் திரும்பவில்லை. அதை நான் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்டதையும் கேட்டதையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் ஆசிரியருக்கு வந்துவிட்டால், வாட்ஸ்அப் செய்தியோடு வந்து நிற்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவனிடம், "இது எந்தக் கட்டத்தில் வரும்?" என்று கேட்க முடியும். பாடப்புத்தகத்தில் சான்றுகள் என்று நாங்கள் நடத்துவதும் அதுதான். ஒன்று மட்டும்: இந்தப் பயிற்சியை நேரடியாகப் பிள்ளைகளிடம் செய்யக்கூடாது, அதிலும் மாசி மாதத்தில் தொடவே கூடாது. முதலில் ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசி முடிக்கட்டும்.

அடுத்து வரலாற்றுப் பாடம். புனித தேவசகாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் திருவிதாங்கூர் அரசால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அந்த வாரம் மாவட்டத்தின் கத்தோலிக்கப் பள்ளிகளில் அவர் கதையைச் சொல்லாத காலைக்கூட்டம் இருந்திருக்காது. இந்து ராஜா, கிறிஸ்தவ மறைசாட்சி என்று இரண்டே வண்ணத்தில் சொன்னால், மூன்றாம் பெஞ்சில் இருக்கும் இந்துப் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். அந்தப் பிள்ளை என்ன குற்றம் செய்தது?

தண்டனையை மறைத்துச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. நடந்ததை முழுதாகச் சொல்லுங்கள் என்கிறேன். தேவசகாயத்துக்குக் கிறிஸ்துவை அறிமுகப்படுத்திய டிலனாய், 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படைத் தளபதி. அதே மன்னரிடம் பணிக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கி, படைத்தலைவராக உயர்ந்து, கடைசிவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்து 1777-இல் இறந்தார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இன்றும் இருக்கிறது. சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். ஒரு கிறிஸ்தவரைப் படைத்தலைவராக வைத்திருந்த அரசு இன்னொரு கிறிஸ்தவரைக் கொன்றது ஏன் என்று கேட்டால், சாதியும் அரண்மனை அரசியலும் பாடத்துக்குள் வந்துவிடும். இன்னொன்றும் சேர்த்துச் சொல்லலாம்: தேவசகாயம் பிறந்த நட்டாலம்தான் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டாவது தலம், சங்கரநாராயணர் கோயில் இருக்கும் ஊர்.

ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டமும் இப்படித்தான். எங்கள் பள்ளிகளில் மிஷனரிகளின் பங்கை விரிவாகச் சொல்வோம், 1859 அரசாணையோடு முடிப்போம். அதே காலத்தில் அய்யாவழியின் நிறுவனர் அய்யா வைகுண்டர் தம்மிடம் வந்தவர்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார் என்பது விட்டுப்போகும். வகுப்பில் அய்யாவழிக் குடும்பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போதே விட்டுப்போகிறது.

இஸ்லாமியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமது நல்லிணக்க மேடைகளில் அவர்கள் விளக்கின் மூன்றாவது திரியை ஏற்ற அழைக்கப்படும் விருந்தாளிகள், அவ்வளவே. இளங்கடை, திட்டுவிளை, தக்கலை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று பழைய ஊர்கள் இருக்கின்றன. சூஃபிக் கவிஞர் தக்கலை பீரப்பாவின் ஞானப்புகழ்ச்சி என்ற நூலை ஆண்டு விழா இரவில் கூடியிருந்து பாடுகிறார்கள். அது நல்ல தமிழ்க் கவிதை. தமிழாசிரியர்களுக்கே அது தெரியாமல் இருப்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

நடைமுறைக்கு வருகிறேன். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்ட ஏழாம் வகுப்புப் பையன், செருப்பில்லாமல், கறுப்பு வேட்டியோடு வாசலில் நிற்கிறான். சீருடை விதி ஒரு பக்கம். நீங்கள் அன்றைய வாசல் பொறுப்பாசிரியர். என்ன செய்வீர்கள்? பயிற்சியில் இதை நடித்துப் பார்க்கச் சொல்வார்கள், கூச்சப்படாமல் நடியுங்கள். பெரும்பாலோர் நேரே விதிப்புத்தகத்துக்கே போவார்கள். பையனிடம், "மாலை என்றைக்குப் போட்டாய், மலைக்கு யாரோடு போகிறாய்?" என்று முதலில் கேட்பவர் அரிது. கேட்டுவிட்டால் மீதியைத் தலைமையாசிரியரிடம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பொட்டு, பூ, மருதாணி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்தும் உரிமையைத் தருகிறது என்பது நம்மவர்களுக்கு மனப்பாடம். 28-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவைப் புரட்டிப் பார்த்தவர்கள் குறைவு. அரசு அங்கீகாரம் அல்லது அரசு நிதி பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மதபோதனையிலோ வழிபாட்டிலோ கட்டாயப்படுத்தி உட்காரவைக்க முடியாது. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கான மறைக்கல்வி வகுப்பு நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நடக்கும் நன்னெறி வகுப்பு, பல பள்ளிகளில் யாருக்கும் ஒதுக்காத பாடவேளை. அதை யாராவது பொறுப்பாக எடுத்து நடத்தினாலே பாதி வேலை முடிந்தது.

விசுவாசம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கத்தோலிக்கர் என்றால், 1965 அக்டோபர் 28-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கையே, பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று சொல்லிவிட்டது. 2013-இல் கத்தோலிக்கப் பள்ளிகளின் பண்பாட்டு உரையாடலுக்கென்றே வத்திக்கான் ஓர் ஏடு வெளியிட்டது. தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ. சகோதரர்களிடம் வத்திக்கானைக் காட்டிப் பயனில்லை. லூக்கா பத்தாம் அதிகாரத்து நல்ல சமாரியனைத் திறந்துவைத்தால் போதும். நான் பழகிய ஆசிரியர்களில் பலரை உறுத்தியது பிற மதத்தை அறிவது அல்ல. 'எல்லா மதமும் ஒன்றுதான்' என்று சொல்லவைக்கப்படுவதுதான். அந்த உறுத்தல் நியாயமானது. அப்படிச் சொல்லும்படி பயிற்சியில் வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள். எனக்கு இயேசு ஆண்டவர், என் சக ஆசிரியைக்கு அல்ல. இருவரும் ஒரே வகுப்புக்குத்தான் பாடம் எடுக்கிறோம்.

போவதற்கு முன் நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பாருங்கள். பேச்சாளர்கள் எல்லோரும் குருக்களும் பேராசிரியர்களும் மட்டுமே என்றால், வகுப்பறையில் நிற்கும் ஒருவரைச் சேர்க்கும்படி ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். உங்கள் பள்ளியிலேயே பணியாற்றும் இந்து, இஸ்லாமிய ஆசிரியர்கள் இரண்டாம் நாளிலிருந்தாவது கலந்துகொள்கிறார்களா என்றும் கேளுங்கள். முதல் நாள் கிறிஸ்தவர்கள் மட்டும் இருப்பது நல்லது. மற்றவர் முன்னால் சொல்லத் தயங்குவதை அன்றைக்குக் கொட்டிவிடலாம். மூன்று நாளும் நாம் மட்டுமே உட்கார்ந்து மற்றவர்களைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றால், தாளாளரிடம் அதை எழுத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்த பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது அந்தக் கடிதம் பயன்படும்.